ஏடு பெயர்த்து முடியும் வரை

அன்புள்ள தம்பிக்கு,

தக்கலைப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். 2013இல் வாங்கிய கம்ப்யூட்டர் வீட்டில் இருக்கிறது. இன்டெல் கோர் ஐ3, மூன்றாம் தலைமுறை, 4 ஜிபி ரேம். வில்லுப்பாட்டுப் புலவர்களின் வீடுகளில் கிடைத்த ஏடுகளையும் நோட்டுகளையும் பார்த்து, பதினொரு கதைப்பாடல்களை அதில்தான் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளில், பாமினி எழுத்துருவில். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

இப்போது ஆன் செய்தால் திரை வந்து நிற்பதற்குள் ஒரு சோறு வடித்துவிடலாம். விண்டோஸ் 10க்கு இனி அப்டேட் இல்லை என்று வேறு வருகிறது. கடைப்பையன் பார்த்துவிட்டு, “டீச்சரே, இது பழைய ஆர்க்கிடெக்சர். போர்டு, புராசசர், ரேம் மூணையும் மாத்தணும்” என்கிறான். குவைத்தில் இருக்கும் மகன், “அம்மா, அதைத் தூக்கிப் போடு. ஆர்ம் சிப் உள்ள லேப்டாப் வாங்கித் தாரேன், நாள் முழுக்க சார்ஜ் நிக்கும்” என்கிறான். சிஸ்டம் விவரம் வரும் திரையைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். நான் என்ன செய்யட்டும்?

(பெயர் வேண்டாம்)
தக்கலை

*

அன்புள்ள டீச்சர்,

வணக்கம். உங்கள் படத்தில் ஒரு வரி இருக்கிறது. ‘32 பிட் ஆப்பரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64 பேஸ்டு புராசசர்’. அதற்கு மேல் வரியில் ரேம் 4 ஜிபி, அடைப்புக்குள் ‘3.41 ஜிபி யூசபிள்’. கடைக்காரரும் மகனும் பேசியதை விட இந்த இரண்டு வரிகள் உங்கள் பிரச்சினையை நன்றாகச் சொல்கின்றன.

உங்கள் புராசசர் 64 பிட் தெரிந்தது. அதன் மேல் ஓடும் விண்டோஸ் 32 பிட். வாங்கும்போது கடையில் 32 பிட் விண்டோஸ் 7 போட்டுக் கொடுத்திருப்பார்கள், பிறகு அதுவே 32 பிட் விண்டோஸ் 10 ஆனது. 32 பிட் முகவரியால் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 பைட்டுகளைத்தான் சுட்ட முடியும். அதுதான் 4 ஜிபி. அதிலும் ஒரு பங்கை டிஸ்பிளேயும் மற்ற பாகங்களும் எடுத்துக்கொள்வதால்தான் உங்களுக்கு 3.41. இன்னொரு ரேம் குச்சி வாங்கிச் செருகினாலும் இந்த விண்டோஸ் அதைத் தொடாது.

ஆனால் ஆன் ஆகத் தாமதமாவதற்குக் காரணம் இதுவும் இல்லை, ஹார்ட் டிஸ்க். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் தட்டில், ஊசிமுனைக் கை ஓரிடம் விட்டு ஓரிடம் போய் எடுக்க ஏறக்குறைய நூறில் ஒரு நொடி ஆகும். விண்டோஸ் எழுந்து வர அப்படி ஆயிரக்கணக்கான தடவை ஓட வேண்டும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக மாட்டும் எஸ்எஸ்டி, சில்லுகளில் சேமிப்பது. அதில் சுற்றவோ நகரவோ ஒன்றுமில்லை. உங்கள் பழைய போர்டில் உள்ள அதே சாட்டா இணைப்பிலேயே எஸ்எஸ்டி மாட்டலாம். புராசசரைத் தொடாமலே இயந்திரம் எழுந்து நிற்கும்.

கடைப்பையன் சொன்னதில் பொய் இல்லை. புது புராசசர் உங்கள் போர்டின் சாக்கெட்டில் உட்காராது. உங்கள் டிடிஆர்3 ரேமுக்குப் புது போர்டில் இடமில்லை, அடியில் இருக்கும் வெட்டே வேறு இடத்தில் இருக்கும். ஆகவே மூன்றும் சேர்ந்துதான் மாறும். விண்டோஸ் 11 வேண்டுமென்றால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. இதெல்லாம் சரிதான்.

ஆனால் உங்கள் பதினொரு பாட்டுகள் என்ன ஆகும் என்று அவரும் கேட்கவில்லை, மகனும் கேட்கவில்லை. எனக்குப் பதற்றமே அதில்தான்.

ஆர்க்கிடெக்சர் என்பது புராசசருக்குப் புரியும் கட்டளைகளின் மொழி. 1978இல் வந்த இன்டெல் 8086 பேசிய 16 பிட் மொழியை 1985இல் 386 வந்து 32 பிட்டாக வளர்த்தது. 2003இல் ஏஎம்டி அதை 64 பிட்டாக்கியது. ஒவ்வொரு தடவையும் பழையதைக் கூட்டிக்கொண்டே வந்தார்கள். இடையில் 2001இல் இன்டெல் ஐட்டேனியம் என்று அடியோடு புதிதாக ஒன்றைச் செய்தது. பழைய நிரல்கள் அதில் தவழ்ந்தன, சந்தை அதை ஏற்கவில்லை. கடைசியில் ஏஎம்டி போட்ட வழியிலேயே இன்டெல்லும் வந்தது. இன்று நாம் எக்ஸ்64 என்பது அந்த வழி.

கூட்டிக்கொண்டு வந்தாலும் சிலதை வழியில் இறக்கிவிட்டார்கள். 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரல் ஓடாது. அந்தக் காலத்து மென்பொருள் சிலவற்றில் நிரல் 32 பிட்டாக இருந்தாலும் அதை நிறுவும் கோப்பு 16 பிட்டாக இருக்கும். சிடி கையில் இருக்கும், ஏற்ற முடியாது. பழைய தமிழ் கீபோர்டு மென்பொருள் 32 பிட் என்றால், 64 பிட் நிரலுக்குள் அதால் எழுத்தை இறக்க முடியாமல் போகும். பிரிண்டர் போர்ட்டில் செருகும் பூட்டோடு வந்த டிடிபி (பக்கம் அமைக்கும்) மென்பொருள்களின் கதை இன்னும் மோசம். கருவியை விண்டோஸோடு பேச வைக்கும் நிரலுக்கு டிரைவர் என்று பெயர். 64 பிட் விண்டோஸ் டிஜிட்டல் கையொப்பமிட்ட டிரைவரைத்தான் ஏற்கும். செய்த நிறுவனமே மறந்துவிட்ட பூட்டுக்கு யார் புது டிரைவர் எழுதுவார்கள்?

மகன் சொல்லும் ஆர்ம், வேறு குடும்பம். 1985இல் கேம்பிரிட்ஜில் ஏகார்ன் நிறுவனத்தில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைத்தது. கையிலிருக்கும் போனெல்லாம் அதுதான். 2020இல் ஆப்பிள் தன் கம்ப்யூட்டர்களை அதற்கு மாற்றத் தொடங்கியது. விண்டோஸ் லேப்டாப்பிலும் இப்போது நன்றாகவே ஓடுகிறது, சார்ஜ் நிற்கும் என்று அவர் சொல்வதும் உண்மை. எக்ஸ்64 நிரல்களை மொழிபெயர்த்து ஓட்டும் வசதியும் அதில் உண்டு. ஆனால் அந்த மொழிபெயர்ப்பு நிரல்களுக்குத்தான், டிரைவர்களுக்கு இல்லை. பத்து வருடத்துப் பிரிண்டரும் ஸ்கேனரும் அதில் மாட்டினால் பெரும்பாலும் ஊமையாக நிற்கும். பிள்ளையின் பாசத்தைக் குறை சொல்லவில்லை டீச்சர். கல்லூரிக்குப் போகும் பேத்திக்கு என்றால் இன்றே வாங்கச் சொல்லியிருப்பேன்.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். 2016இல் எனக்கும் இதே வேகக் குறைவு. கம்ப்யூட்டரைக் கடையில் கொடுத்தேன். “சி டிரைவ்ல உள்ளது மட்டும்தான் சார் போகும், டி அப்படியே இருக்கும்” என்றார்கள். தலையாட்டினேன். டெஸ்க்டாப்பில் நாம் பார்க்கும் எல்லாமே சி டிரைவுக்குள் இருக்கிறது என்று அன்று எனக்குத் தெரியாது. என் சித்தப்பா நாஞ்சில் நாட்டு விவசாயச் சொற்களைச் சொல்லச் சொல்ல நான் அடித்து வைத்த கோப்பு டெஸ்க்டாப்பில்தான் இருந்தது. அதன் பழைய பிரதி ஒன்று டி டிரைவில் கிடந்தது. ஆவலோடு திறந்தேன். முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். எழுத்துருவும் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள்தான் இருந்திருக்கிறது. அந்த எழுத்துருவைத் தேடிப் பிடிக்க எனக்கு ஏழு மாதம் ஆனது. அதற்குள் சித்தப்பா போய்விட்டார். விட்டுப்போன சொற்களைக் கேட்க ஆளில்லை.

பாமினியில் நீங்கள் ‘அம்மன்’ என்று அடித்தால், கம்ப்யூட்டர் நினைவில் வைப்பது ஆங்கில எம், கே, அரைப்புள்ளி, கே, டி, அரைப்புள்ளி. பாமினி எழுத்துரு அதன் மேல் அம்மனின் உருவத்தைப் போர்த்துகிறது. போர்வை போனால் அம்மன் இல்லை. யூனிகோடில் அப்படி இல்லை, அகரத்துக்கென்று தனி எண், மகரத்துக்கென்று தனி எண். எந்தப் புராசசரானாலும், எந்த விண்டோஸ் ஆனாலும், போனானாலும் அது அகரம்தான். தமிழக அரசும் 2010இல் யூனிகோடுக்கு வந்துவிட்டது. பேஜ்மேக்கர் 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றுபோனது, அதற்கு யூனிகோடு தெரியவே தெரியாது.

உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஏடு செல்லரித்தால் புது ஏட்டில் பெயர்த்து எழுதுவார்கள். எழுதி முடித்து ஒப்பு பார்க்கும்வரை பழைய ஏட்டைக் கையை விட்டு விடமாட்டார்கள். உங்கள் கம்ப்யூட்டர் இப்போது அந்தப் பழைய ஏடு. அதை யாரும் ஃபார்மட் செய்யக்கூடாது. போர்டு மாற்றவும் கூடாது.

எஸ்எஸ்டி ஒன்று வாங்கி, இருக்கும் டிஸ்க்கை அப்படியே அதற்கு ‘குளோன்’ பண்ணித் தரச் சொல்லுங்கள். அந்தச் சொல்லையே சொல்லுங்கள், ‘புதுசா விண்டோஸ் போடுறோம்’ என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதே 32 பிட் விண்டோஸ், அதே பேஜ்மேக்கர், அதே பாமினி இருக்கட்டும். இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். திருத்தங்கள் நின்றுபோன விண்டோஸில் வங்கிக் கணக்கைத் திறக்காமல் இருந்தால் போதும், பாட்டைத் திறக்கலாம். பிறகு ஒவ்வொரு பாட்டாக பேஜ்மேக்கரிலிருந்து உரையை வெளியே எடுத்து யூனிகோடுக்கு மாற்றுங்கள். என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற மென்பொருள் பாமினியை நன்றாக மாற்றும்.

மாற்றியபின் ஒரு தடவை மூலத்தோடு ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். பழைய தட்டச்சில் துணைக்காலுக்குப் பதில் ரகரம் அடித்திருப்போம், கண்ணுக்கு ஒன்றுபோலவே இருந்திருக்கும். ‘பௌர்ணமி’யில் ஔகாரக் குறிக்குப் பதில் எகரக் கொம்பும் ளகரமும் போட்டிருப்போம். யூனிகோடில் தேடினால் அந்தச் சொல் அகப்படாது. இதைக் கன்வெர்ட்டர் கண்டுபிடிக்காது. தமிழாசிரியை கண்டுபிடிப்பார்.

பதினொன்றும் முடிந்தபின் மகனிடம் புதுசு கேளுங்கள். ஆர்ம் வேண்டாம். எக்ஸ்64இல், விண்டோஸ் 11 ஏற்கும் சாதாரண டெஸ்க்டாப் போதும். மிக உயர்ந்த புராசசர் தேவையில்லை. உங்கள் பிரிண்டருக்கு 64 பிட் டிரைவர் உண்டா என்று மட்டும் வாங்குமுன் பார்க்கச் சொல்லுங்கள். பழையது பக்கத்திலேயே இருக்கட்டும். மூலம் பார்க்க ஒரு நாள் தேவைப்படும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அதைக் கடைப்பையனுக்காகவும் எனக்காகவும் காத்திருக்காமல் செய்ய வேண்டும். உங்களுடையது 2013இன் ஹார்ட் டிஸ்க், ஐப்பசி இடி நம் ஊரில் எப்படி இறங்கும் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு பென் டிரைவ் எடுங்கள். பாட்டுக் கோப்புகளோடு, சி டிரைவில் விண்டோஸ் என்ற ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்று ஒன்று இருக்கும், அதையும் முழுசாக நகல் எடுங்கள். ஒன்று பீரோவில், ஒன்று வேறு வீட்டில். எடுத்த பென் டிரைவை பேஜ்மேக்கர் உள்ள இன்னொரு கம்ப்யூட்டரில் போட்டு, நகலெடுத்த பாமினி எழுத்துருவையும் அதில் நிறுவி, ஏதாவது ஒரு பாட்டைத் திறந்து பாருங்கள். அம்மன் அம்மனாகத் தெரிந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், ஒப்பு பார்க்க நான் வருகிறேன்.

அன்புடன்
உங்கள் தம்பி