ஸ்லைம் மோல்டுக்கு ஸ்வரம் ஞாபகம் இருக்குமா?

கேள்வி: லேப்டாப்பில் மின்னணு இசை செய்கிறேன். ஸ்லைம் மோல்டு என்ற உயிரியையே கணினியாக வைத்து இசையமைக்கிறார்களாமே, வீட்டில் முடியுமா? மேடையில் வாசிக்க ஆசை.

பதில்: வீட்டில் முடியும். மேடையைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள்.

அந்த உயிரியின் பெயர் ஃபைசாரம் பாலிசெஃபாலம். மஞ்சளாக, கொழகொழவென்று இருக்கும். மூளை கிடையாது, நரம்பும் கிடையாது. இங்கிலாந்தின் பிளைமவுத் பல்கலைக்கழகத்தில் இருந்த பிரேசில் இசையமைப்பாளர் எடுவார்டோ மிராண்டா 2015-இல் இதைப் பியானோவோடு சேர்த்து அரங்கேற்றினார். கலைஞர் வாசிக்கும் ஸ்வரம் மின்னழுத்தமாக மாறி உயிரிக்குள் போகும். அதிலிருந்து வரும் மின்னோட்டம் மறுபடி ஸ்வரமாகி, மின்காந்தங்கள் மூலம் அதே பியானோவின் கம்பிகளை அதிரவைக்கும்.

சுவாரசியமே நடுவில் நடப்பதில்தான். மின்னோட்டத்தைத் தடுக்கும் சாதாரண ரெசிஸ்டருக்கு ஞாபகம் இல்லை. அதே வோல்ட் கொடுத்தால் எப்போதும் அதே மின்னோட்டம். மெம்ரிஸ்டர் அப்படியல்ல. முன்பு அதன் வழியே என்ன பாய்ந்ததோ, அதைப் பொறுத்து மின்தடை மாறும். 1971-இல் மின் பொறியாளர் லியோன் சுவா கணக்குப்போட்டுச் சொன்ன பாகம் இது. ஸ்லைம் மோல்டு நீட்டும் குழாய் ஏறக்குறைய இப்படித்தான் நடந்துகொள்கிறது. ஒரே ஸ்வரத்தை இரண்டு முறை கொடுத்தால் இரண்டு பதில் வரலாம். கணினி என்று சொல்வது இதனால்தான்.

சரி, செய்முறை. பெட்ரி தட்டில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு மின்முனைகள். இரண்டின் மேலும் அகர் கட்டி. (சர்க்கரை போடாத கடல்பாசிதான், வேறொன்றுமில்லை.) ஒன்றில் உயிரி, மற்றதில் ஓட்ஸ். ஈரமாக, இருட்டில், 25 டிகிரி வாக்கில் வையுங்கள். வெளிச்சம் அதற்கு ஆகாது. ஓட்ஸைத் தேடி ஓரிரு நாளில் குழாய் நீட்டிவிடும். அந்தக் குழாய்தான் உங்கள் மெம்ரிஸ்டர். பேட்டரியில் மட்டும் ஓட்டுங்கள், வீட்டு மின்சாரம் பக்கமே போகவேண்டாம்.

முதலில் மின்னழுத்தம் எதுவும் கொடுக்காமல், மின்முனைகளுக்கு இடையே தானாக எழும் சில மில்லிவோல்ட் ஏற்ற இறக்கத்தைப் பெருக்கிப் பதிவுசெய்யுங்கள். ஒரு அலைக்கு ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். மணிக்கணக்கில் எடுத்து வேகப்படுத்தினால் சிந்தசைசரை ஓட்டலாம். இது உயிரி தருவதைக் காதால் கேட்பது, அவ்வளவுதான். செடியில் கிளிப் மாட்டி மிடி (இசைக்கருவிகளுக்கான டிஜிட்டல் கட்டளை) எடுக்கும் கருவிகளும் இதே ரகம். இதைக் கணினி இசை என்று விளம்பரப்படுத்துவது எனக்குப் பிடிக்காது. ஆனால் கை பழக நல்ல வழி.

அப்புறம் மேடை. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் பதில் வரச் சில நொடி பிடிக்கும். அகர் காய்ந்தால் ஆட்டம் முடிந்தது. ஒரு தட்டு போல இன்னொன்று நடக்காது. அதனால் நான்கைந்து தட்டுகளாவது தயாராக வைத்துக்கொண்டு, மெதுவான ராகமாகப் பாருங்கள்.