என்டர் தட்டினால் சீட்டு அழிகிறதா? எடைமேடை மென்பொருளில் கேள்விப் பெட்டியைச் சரிசெய்வது

கேள்வி: கேரள எல்லையில், புளியரை அருகே எடைமேடை வைத்திருக்கிறோம். சீட்டு போடும் மென்பொருளை அக்கா மகன் பைத்தானில், பைசைடு 6 (திரையில் சாளரம், பட்டன் வரையும் நூலகம்) வைத்து எழுதிக் கொடுத்தான். சீட்டை அழிக்கப் போனால் ‘ஆர் யூ ஷூர்?’ என்று ஒரு பெட்டி வருகிறது. இரவு ஷிப்ட் பையன் பழக்கதோஷத்தில் என்டரைத் தட்டிவிடுகிறான், சீட்டு போய்விடுகிறது. பட்டன்களைத் தமிழில் மாற்றிய பிறகு இன்னும் மோசம்: ‘வேண்டாம்’ என்று அழுத்தினாலும் அழிகிறது. அலுவலகத்தில் விண்டோஸ், மேடையில் உபுண்டு. இரண்டிலும் பட்டன்கள் இடம் மாறி நிற்கின்றன. எடைக்கருவி சர்வீஸுக்கு வருபவர், ‘லைசென்ஸும் தமிழ் பேக்கும் வாங்கினால்தான் சரியாகும்’ என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். நீங்கள் சொன்ன மூன்றில் முதல் இரண்டும் நிரலில் ஏழெட்டு வரி மாற்றினால் தீர்ந்துவிடும், மூன்றாவது கோளாறே அல்ல. உங்கள் அக்கா மகனுக்கு ஒரு மாலை நேர வேலை.

முதலில் என்டர். ‘கொஸ்டின்’ என்ற ஒற்றை வரி அழைப்பைத்தான் அவர் பயன்படுத்தியிருப்பார். அதில் எந்தப் பட்டன் இயல்புப் பட்டன் (என்டர் தட்டினால் அழுந்தும் பட்டன்) என்று சொல்லாவிட்டால், பைசைடுக்கு அடியில் ஓடும் க்யூட்டி நூலகமே ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும், பெரும்பாலும் அது ‘யெஸ்’. என்டர் அதன் மேல்தான் விழும். இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பாதி இந்த ஒற்றை வரியோடு நின்றுவிடுகின்றன. அதைப் பார்த்து எழுதிய பையனைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒற்றை வரியை விட்டுவிட்டு, மெசேஜ் பாக்ஸைத் தனிப் பொருளாக உருவாக்கச் சொல்லுங்கள். அதில் இரண்டு பட்டன்களை, ரோலோடு (அந்தப் பட்டன் எந்த வகை என்ற குறிப்பு), சேர்க்க வேண்டும். ‘சீட்டை அழி’ என்பதற்கு டிஸ்ட்ரக்டிவ் ரோல், ‘வேண்டாம்’ என்பதற்கு ரிஜெக்ட் ரோல். பிறகு ‘செட் டிஃபால்ட் பட்டன்’, ‘செட் எஸ்கேப் பட்டன்’ இரண்டுக்கும் ‘வேண்டாம்’ பட்டனையே கொடுக்க வேண்டும். எஸ்கேப்பை விட்டுவிடாதீர்கள். சொந்தப் பட்டன்கள் போட்டு, ரோலும் பொருந்தாமல், எஸ்கேப்பும் சொல்லாமல் விட்டால், எஸ்கேப் விசையும் மூலையிலுள்ள பெருக்கல் குறியும் வேலை செய்யாது. பெட்டி உறைந்துவிட்டது என்று பையன் கணினியையே அணைத்துவிடுவான்.

பட்டனில் ‘ஆம்’, ‘இல்லை’ என்று எழுதாதீர்கள். அவசரத்தில் யாரும் கேள்வியைப் படிப்பதில்லை, பட்டனைத்தான் பார்க்கிறார்கள். கேள்வி வரியில் வண்டி எண்ணும் சீட்டு எண்ணும் வரட்டும்: ‘டி.என். 76 வண்டியின் சீட்டு 4127-ஐ அழிக்கவா?’ அதன் கீழே, ‘இன்ஃபர்மேட்டிவ் டெக்ஸ்ட்’ என்ற இடத்தில், ‘லோடு எடை 38,460 கிலோ. அழித்தால் திரும்ப வராது’ என்று போடுங்கள். கொல்லம் பக்கத்து ஆள் இரவு ஷிப்டில் இருந்தால் பட்டனில் மலையாளத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். பட்டன் தானாக அகலும். பெட்டியை அகலமாக்க ‘ரீசைஸ்’ போட்டுப் பார்ப்பது வீண்வேலை, அது காதில் வாங்காது.

‘வேண்டாம்’ அழுத்தினாலும் அழிகிறதே, இதுதான் உண்மையான ஆபத்து. நிரல் அநேகமாக இப்படி இருக்கும்: ‘பெட்டி தந்த விடை நோ என்றால் திரும்பிப் போ, இல்லாவிட்டால் அழி.’ தயார்ப் பட்டன்கள் இருந்தவரை இது ஓடியது. சொந்தப் பட்டன்கள் போட்டதும், பெட்டியைத் திறந்து விடைக்குக் காத்திருக்கும் ‘எக்ஸெக்’ அழைப்பு தரும் விடை வேறொரு எண்ணாகிவிடுகிறது. அது ‘நோ’வுக்கு ஒருநாளும் சமமாகாது. ஆகவே எதை அழுத்தினாலும், பெருக்கல் குறியில் மூடினாலும்கூட, நேராக அழிக்கும் வரிக்குப் போய்விடும். ‘எக்ஸெக்’ தரும் எண்ணை மறந்துவிட்டு, பெட்டி மூடியதும் ‘கிளிக்டு பட்டன்’ எது என்று கேட்கச் சொல்லுங்கள். அது ‘சீட்டை அழி’ பட்டனாக இருந்தால் மட்டும் அழிக்க வேண்டும். வேறு எதுவாக இருந்தாலும், எதுவுமே இல்லாவிட்டாலும், ஒன்றும் செய்யக்கூடாது. நிபந்தனையை எப்போதும் இந்தத் திசையில்தான் எழுத வேண்டும்.

தொடர்ந்து இரண்டு முறை என்டர் தட்டும் கை என்றால், பெட்டி திறக்கும்போது ‘சீட்டை அழி’ பட்டனைச் செயலிழக்கச் செய்து, ஒரே முறை அடிக்கும் சிங்கிள் ஷாட் டைமரில் 1000 மில்லிசெகண்ட் கழித்து உயிர்ப்பிக்கலாம். பெட்டி திறந்திருக்கும்போதும் டைமர்கள் ஓடும், ஆகவே இது வேலை செய்யும்.

‘வேண்டாம்’ இயல்பாக இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். ‘இயல்புப் பட்டன் எப்போதும் வேண்டாம்தான்’ என்று மனப்பாடம் செய்துகொண்டு, எடையைச் சேமிக்கும் பெட்டியிலும் அப்படியே வைத்துவிடாதீர்கள். அங்கே நட்டம் மறுபக்கம். லோடு வண்டி மேடையில் நிற்கிறது, பின்னால் நான்கு வண்டி ஹாரன் அடிக்கிறது; என்டர் தட்டி ‘வேண்டாம்’ ஆகி, வண்டி இறங்கி ஆரியங்காவு ஏறிவிட்டால் அந்த எடை போனது போனதுதான். அங்கே ‘எடையைச் சேமி’ இயல்பாக இருக்கட்டும். ஆனால் கருவி காட்டும் எண் ஆடிக்கொண்டிருந்தால் அந்தப் பெட்டியே வரக்கூடாது. சேமிக்கும் பட்டன் மங்கியிருக்க வேண்டும். லோடு எடை காலி வண்டி எடையைவிடக் குறைவாக வந்தாலோ, பின் சக்கரம் மேடைக்கு வெளியே நிற்கும் சந்தேகம் இருந்தாலோ, மறுபடி ‘வேண்டாம்’ இயல்பாக வேண்டும். அதாவது ஒரே சேமிப்புப் பெட்டிக்கு நிலைமையைப் பொறுத்து இரண்டு இயல்புகள். எது நடந்தால் திரும்பப் பெற முடியாதோ, அதன் எதிர்ப்பக்கத்தில் என்டர் இருக்க வேண்டும்.

பட்டன் இடம் மாறுவது கோளாறு அல்ல. விண்டோஸில் ‘யெஸ்’ இடது, ‘நோ’ வலது. உபுண்டுவின் க்னோம் திரையில் நேர்மாறு. அந்தந்தத் திரையின் வழக்கப்படி, ரோலைப் பார்த்துக் க்யூட்டி அடுக்குகிறது. ‘இடது பட்டனை அழுத்து’ என்று ஆளுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள், எழுத்தைப் பார்த்து அழுத்தச் சொல்லுங்கள்.

இனி அந்த லைசென்ஸ் கதை. பைசைடு 6 எல்ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் கிடைக்கிறது. உங்கள் மேடையில் ஓட்ட யாருக்கும் ஒரு பைசா தர வேண்டியதில்லை. அதே வேலைக்கான பைக்யூட்டி என்பது வேறு. அது ஜிபிஎல் என்ற இன்னொரு திறமூல உரிமம் அல்லது காசு கொடுத்து வாங்கும் உரிமம். பெயர்கள் ஒன்றுபோல் இருப்பதை வைத்து ஆட்கள் பிழைக்கிறார்கள். ‘தமிழ் பேக்’ என்று விற்பதும் பெரும்பாலும் பாமினி போன்ற பழைய எழுத்துருதான். அதில் எழுதினால் அந்தக் கணினியில் தமிழாகத் தெரியும், அடுத்த கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாக விழும். யூனிகோடில் எழுதினால் போதும்: விண்டோஸ் 8 முதல் நிர்மலா யூஐ கூடவே வருகிறது, உபுண்டுவில் லோஹித் தமிழ் அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம். கருவியோடு மென்பொருளையும் தலையில் கட்டி, மூல நிரலைத் தராமல், பட்டன் எழுத்தை மாற்றவும் வருடச் சந்தா கேட்பவர்கள் எல்லைச் சாலை நெடுகிலும் இருக்கிறார்கள். நிரல் உங்கள் கையில் இருக்கிறது, அதை யாரிடமும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இந்தப் பெட்டிகள் பற்றிய ஆவணங்களை எழுதுபவர்கள்மேல் எனக்கும் கோபம் உண்டு. பழைய பதிப்பில் ‘எக்ஸெக்’ பின்னால் ஓர் அடிக்கோடு, பைக்யூட்டி 6-இல் அது கிடையாது. பட்டன் பெயரையும் அங்கே ‘ஸ்டாண்டர்டு பட்டன்’ என்று முழு முகவரியோடு எழுத வேண்டும். பைசைடு இரண்டையும் பொறுத்துக்கொள்கிறது. ஆகவே எங்கிருந்தோ ஒட்டிய நிரல் ஓரிடத்தில் ஓடி, இன்னோரிடத்தில் விழும்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் எடைமேடையில் வந்தே தீரும். கருவியின் கேபிள் கழன்றால் ‘இணைப்பு இல்லை’ என்று ஒவ்வொரு விநாடியும் டைமர், விடைக்குக் காத்திராத ‘ஷோ’ அழைப்பால், ஒரு பெட்டியைத் திறக்கும்படி எழுதியிருந்தால், தேநீர் குடித்துத் திரும்புவதற்குள் திரையில் நூறு பெட்டிகள் அடுக்கியிருக்கும். அந்தச் செய்திக்குப் பெட்டியே வேண்டாம். திரையின் அடியில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி போதும். எடையைப் படிக்கும் வேலை தனி த்ரெட்டில் (நிரலுக்குள் இணையாக ஓடும் தனி இழை) ஓடினால், அங்கிருந்து நேராகப் பெட்டி திறக்கவே கூடாது. முதன்மை த்ரெட்டுக்கு சிக்னல் அனுப்பி, அது திறக்க வேண்டும். பெட்டி உருவாக்கும்போது முதன்மைச் சாளரத்தைப் பெற்றோராகக் கொடுக்கவும் மறக்கக்கூடாது; கொடுக்காவிட்டால் பெட்டி சாளரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, மென்பொருள் நின்றுவிட்டதுபோல் காட்டும்.

மாற்றியதும் பொய்ச் சீட்டு ஒன்று போட்டு, என்டர், இரட்டை என்டர், எஸ்கேப், பெருக்கல் குறி நான்கையும் இரண்டு கணினிகளிலும் அழுத்திப் பாருங்கள். எட்டு முறையும் சீட்டு அழியாமல் இருந்தால் இரவு ஷிப்டுக்குக் கொடுக்கலாம்.