அம்மா நேர்ந்துகொண்டதற்கு நான் கடனாளியா?

மேடம், வணக்கம்.

எனக்கு 24 வயது. ஊர் கடலூர் முதுநகர். பி.காம். முடித்துவிட்டுப் புதுச்சேரியில் ஒரு டைல்ஸ் கடையில் கணக்கு எழுதுகிறேன். தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். நாங்கள் கத்தோலிக்கர்கள், வீட்டுக்கு நான் ஒரே பிள்ளை.

2004 சுனாமியின்போது எனக்கு மூன்று வயது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. பெரியம்மா வீடு அப்போது சிங்காரத்தோப்புப் பக்கம். காலையில் அம்மா எங்களைக் கரைக்கு விளையாடக் கூட்டிப்போயிருக்கிறார். அலை வந்ததும் நான் அம்மா கையிலிருந்து போய்விட்டேனாம். மத்தியானம் ஒரு மீனவர் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து கொடுத்திருக்கிறார். பெரியம்மா மகள் கிடைக்கவில்லை. என்னைத் தேடிய அந்த நேரத்தில் அம்மா வில்லியனூர் லூர்து மாதாவிடம் நேர்ந்துகொண்டார். பிள்ளையைத் திருப்பிக் கொடு தாயே, அவனைச் சாமியாராக்கி உனக்கே கொடுத்துவிடுகிறேன் என்று.

இதைக் கேட்டே வளர்ந்தேன். பிளஸ் டூ முடித்ததும், சாமியாராக விரும்பும் பையன்களுக்கான அழைத்தல் முகாமுக்குப் போனேன். மூன்று நாள் இருந்தேன். அந்த வாழ்க்கை எனக்கானது என்று மனதில் படவில்லை, திரும்பிவிட்டேன். அம்மா திட்டவில்லை. "பைபிளில் அன்னா தன் பிள்ளை சாமுவேலைக் கோயிலுக்குக் கொடுத்தாள், எனக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

அதற்கப்புறம் வீட்டில் எது நடந்தாலும் அந்தக் கணக்கில்தான் போய்ச் சேர்கிறது. அப்பாவுக்குச் சுகரில் கால் புண் ஆறவில்லை. அரியாங்குப்பம் பாலத்தில் மழையில் என் வண்டி சறுக்கியது. முதல் வேலை போனது. அம்மா ஒன்றும் சொல்வதில்லை, மாதா சுரூபத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான்.

இப்போது என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது. அவர்களும் நம் மதம்தான், அவர்கள் வீட்டில் பேசத் தயார். எனக்குத்தான் பயம். கல்யாணம் செய்துகொண்டு, அவளுக்கோ பிள்ளைக்கோ ஏதாவது ஆகிவிட்டால்?

சொல்ல வெட்கமாக இருக்கிறது. காலண்டர் தாளில் 'குருமடம்' (சாமியாருக்குப் படிக்கும் இடம்), 'கல்யாணம்' என்று எழுதி மாதா முன்னால் திருவுளச்சீட்டு போட்டுப் பார்க்கிறேன். இதுவரை 15 தடவை. 11 தடவை கல்யாணம் வந்தது. ஒவ்வொரு முறையும் சரியாக ஜெபிக்காமல் எடுத்துவிட்டேனோ என்று மறுபடி போடுகிறேன். இப்போது எந்த பஸ்ஸில் ஏறுவது, கடனாகக் கேட்கும் நண்பனுக்குக் கொடுப்பதா வேண்டாமா என்பதற்கெல்லாம் சீட்டு. இரண்டு சீட்டும் எப்போதும் என் பர்ஸில் இருக்கின்றன. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன், "போய் நிம்மதியாக இரு" என்றார் சாமியார். அதுதானே முடியவில்லை.

பெயர் வேண்டாம்.

*

அன்புத் தம்பிக்கு,

முதலில் அந்தச் சீட்டு. பதினைந்தில் பதினொன்று கல்யாணம் என்று எண்ணி வைத்திருக்கிறீர்களே, கணக்கு எழுதுகிற ஆள் என்பது தெரிகிறது. ஆனால் நூறு தடவை போட்டாலும் உங்களுக்கு விடை கிடைக்காது. 'குருமடம்' வந்தால் பயம், 'கல்யாணம்' வந்தால் சந்தேகம். விடை வேண்டித்தான் சீட்டு போடத் தொடங்கியிருப்பீர்கள். இப்போது அடிக்கிற படபடப்பு ஐந்து நிமிடம் அடங்குவதற்காகப் போடுகிறீர்கள். அடங்கிய படபடப்பு அடுத்த முறை கூடுதல் வட்டியோடு வரும். குருமடத்தில் தொடங்கியது பஸ் வரைக்கும் வந்துவிட்டதற்குக் காரணம் இதுதான். இதை விசுவாசக் குறைவு என்று நினைத்து இன்னும் அதிகமாக ஜெபித்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். மனம் பழகிக்கொண்ட ஒரு சுற்று இது, பழக்கத்தாலேயே அவிழ்க்கலாம்.

நான் கிறிஸ்தவர் அல்ல. அதனால் எனக்குத் தெரிந்த, ஓய்வுபெற்ற ஒரு சாமியாரிடம் உங்கள் ஊர், அடையாளம் எதுவும் சொல்லாமல் கேட்டுக்கொண்டேன். அவர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று சட்டம். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1193-ஆவது சட்டம், நேர்ச்சை அதைச் செய்தவரை மட்டுமே கட்டுப்படுத்தும் என்கிறது. அம்மா நேர்ந்துகொண்டது அம்மாவின் நேர்ச்சை. அதில் நீங்கள் கடனாளி இல்லை. அதோடு, குருவாகிறவருக்கு முழுச் சுதந்திரம் இருக்க வேண்டும், எந்தக் காரணத்துக்காகவும் யாரையும் கட்டாயப்படுத்திக் குருப்பட்டம் பெறவைக்கக் கூடாது என்று 1026-ஆவது சட்டம் சொல்கிறதாம். பயத்தில் குருமடத்துக்குப் போகும் பையனைத் திருச்சபையே கேட்கவில்லை.

இரண்டாவது, சாமுவேல் கதை. அம்மா பாதியில் நிறுத்திவிட்டார் என்றார் அந்தச் சாமியார். அன்னா பிள்ளையைக் கோயிலில் விட்டது உண்மைதான். ஆனால் அதற்கப்புறம் ஒரு ராத்திரி ஆண்டவர் சாமுவேலைப் பெயர் சொல்லித் தனியாகக் கூப்பிடுகிறார். கோயில் குரு ஏலிதான் கூப்பிடுகிறார் என்று நினைத்துப் பையன் மூன்று தடவை எழுந்து ஓடுகிறான். தாய் கொடுத்தாயிற்றே என்று கடவுள் சும்மா இருக்கவில்லை, பிள்ளையிடமும் கேட்டார். நீங்கள் முகாமில் மூன்று நாள் காதைத் தீட்டிக்கொண்டு இருந்துவிட்டு, எனக்கு அப்படி எதுவும் கேட்கவில்லை என்று நேர்மையாகத் திரும்பி வந்தீர்கள். ஓடிவந்துவிட்டேன் என்று அதை உங்கள் மனக்கணக்கில் நீங்களே தப்பாக எழுதி வைத்திருக்கிறீர்கள்.

அம்மாக்கள் நேர்ந்துகொள்வது நம் ஊரில் எல்லா மதத்திலும் உண்டு. அம்மா வேண்டிக்கொள்வார், மொட்டை பிள்ளைக்கு விழும். என் தலையும் இரண்டு தடவை பழனிக்குப் போயிருக்கிறது. முடி வளர்ந்துவிடும், அதனால் யாரும் கேள்வி கேட்பதில்லை. உங்கள் அம்மா வேண்டிக்கொண்டது வளர்ந்துவிடுகிற பொருள் இல்லை.

அதற்காக அம்மாவைக் குற்றம் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. கடலூர் மாவட்டத்தில் மட்டும் அன்று 600 பேருக்கு மேல் போனார்கள். அந்தக் கரையில் பிள்ளையைக் காணாமல் நிற்கிற ஒரு பெண், கையில் என்ன இருக்கிறதோ அதையெல்லாம் கொடுக்கிறேன் என்றுதான் சொல்வாள். பேரம் பேசுகிற நேரமா அது.

இனி நான் சொல்லப்போவது ஊகம். தவறாக இருந்தால் தள்ளிவிடுங்கள். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். வண்டி சறுக்கியதற்குப் பாலத்தின் பெயரே எழுதியிருக்கிறீர்கள். "பெரியம்மா மகள் கிடைக்கவில்லை" என்பது மட்டும் மூன்றே சொல். வீட்டுக்கு ஒரே பிள்ளை நீங்கள், ஆனால் அம்மா "எங்களைக்" கரைக்குக் கூட்டிப்போனார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அன்று அம்மாவின் இரண்டு கையிலும் பிள்ளைகள் இருந்தார்கள், இல்லையா? ஒன்று அவருடையது, ஒன்று அக்காவுடையது. தன் பிள்ளை திரும்பி வந்தது, நம்பி அனுப்பிய பிள்ளை வரவில்லை. இந்த இருபது வருடமும் உங்கள் பெரியம்மா முகத்தை அம்மா எப்படிப் பார்த்தார் என்று யோசித்திருக்கிறீர்களா? உங்களை மாதாவுக்குக் கொடுத்துவிட்டால் அந்தக் கணக்கு நேராகிவிடும் என்று அவர் நினைத்திருக்கலாம். அதே கணக்கு உங்களுக்குள்ளும் ஓடுகிறது. "நான் மட்டும் ஏன் பிழைத்தேன்" என்ற கேள்வி பெரிய விபத்துகளில் தப்பியவர்களிடம் அடிக்கடி பார்ப்பது. சந்தோஷமாக ஏதாவது வாய்க்கும்போதுதான் அது அதிகமாகக் கடிக்கும். பெண் வீட்டார் பேசத் தயார் என்று சொன்னபிறகு சீட்டு எத்தனை மடங்கு கூடியது என்று பாருங்கள்.

கால் புண், வண்டி, வேலை மூன்றையும் ஒரு நூலில் கோத்திருக்கிறீர்கள். சுகர் உள்ளவருக்குக் காலில் ரத்த ஓட்டமும் உணர்ச்சியும் குறையும், புண் ஆற நாளாகும். மழையில் பாலம் வழுக்கும். நேர்ச்சையே இல்லாத வீட்டிலும் இதெல்லாம் நடக்கிறது, அங்கே யாரும் கோத்துப் பார்ப்பதில்லை.

சரி, என்ன செய்யலாம்? சின்னச் சீட்டுகளை முதலில் விடுங்கள். பஸ் ஸ்டாண்டில் கை பர்ஸுக்குப் போகும், போகட்டும். எடுக்காமல் வருகிற முதல் பஸ்ஸில் ஏறுங்கள். நெஞ்சு அடித்துக்கொள்ளும், ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரி இருக்கும். அதை அடக்க ஜெபத்தையும் பிடித்துக்கொள்ளாதீர்கள், சும்மா ஜன்னல் வழியே பாருங்கள். பெரும்பாலும் தவளக்குப்பம் தாண்டுவதற்குள் தானாக இறங்கும். பத்து நாள் பழகியபிறகு நண்பனின் கடன், அப்புறம் பெரிய சீட்டு. இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியாருக்கே 1522-இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் இந்த உறுத்தல் நோய் பிடித்து ஆட்டியது. சொன்ன பாவத்தையே திரும்பத் திரும்பச் சங்கீர்த்தனத்தில் சொல்லித் தற்கொலை எண்ணம் வரை போய், இனிப் பழையதைச் சொல்வதில்லை என்று நிறுத்தியபிறகே மீண்டார். மனம் இருண்டு கிடக்கும்போது முன்பு எடுத்த முடிவை மாற்றாதே என்று பிற்பாடு அவர் எழுதிவைத்தது பட்டறிவில்தான்.

சீட்டும் எண்ணமும் ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்கின்றன என்றால் ஜிப்மர் மனநலப் பிரிவுக்குப் போங்கள். மருந்தும் பயிற்சியும் இதற்கு நன்றாகக் கேட்கும். ராத்திரியில் தாங்காவிட்டால் 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

அந்தப் பெண்ணிடம் இதையெல்லாம் சொல்லுங்கள். கல்யாணத் தேதியை இப்போதைக்குக் கேட்காதீர்கள். நீங்கள் எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு இருக்கிறது.

அம்மாவைப் பங்குச் சாமியாரிடம் கூட்டிப்போவது கடைசி வேலை. நியாயமான காரணம் இருந்தால் நேர்ச்சையிலிருந்து விடுவிக்கவோ, வேறு நற்செயலாக மாற்றிக்கொடுக்கவோ அவருக்கு அதிகாரம் உண்டாம். இத்தனை வருடம் சுமந்ததை இறக்கிவைக்க அம்மாவுக்கும் ஓர் இடம் வேண்டும்தானே. ஆனால் அதற்கு முன்னால் அன்று கரையில் என்ன நடந்தது என்று அவரைப் பேசவிடுங்கள். கல்யாணப் பேச்சை எடுக்காதீர்கள். டிசம்பர் 26 அன்று கரையில் பால் ஊற்றுகிற கூட்டம் இருக்கும், நீங்கள் இருவரும் போய் நில்லுங்கள். அந்தப் பெரியம்மா மகளின் பெயரைக் கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. அம்மாவிடம் கேட்கும்போது பெயர் சொல்லிக் கேளுங்கள்.