எண்களில் கோட்டை விட்ட மகளுக்காக ஓர் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா. உங்கள் மகள் வேலைக்காகத் தட்டச்சு செய்த தேர்வுக் கோப்பையும் அதை அந்த நிறுவனம் திருத்தி அனுப்பியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். "பி.ஏ. ஆங்கிலம், தட்டச்சில் முதுநிலை பாஸ், இன்னும் என்னதான் வேண்டும்?" என்று கேட்டிருந்தீர்கள். அவள் ஆங்கிலத்திலும் வேகத்திலும் குறையே இல்லை. 12 சிவப்புக் குறிகளில் 9 எண்களிலும் நேரத்திலும் விழுந்தவை. பழகினால் ஒரு மாதத்தில் சரியாகிவிடும், கவலைப்படாதீர்கள்.

அவள் விண்ணப்பித்தது அமெரிக்க வழக்குகளின் ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்கும் வேலை. பெரும்பாலும் டெப்பொசிஷன், அதாவது வழக்கு விசாரணைக்கு வருவதற்கு முன்பே வழக்கறிஞர்கள் சாட்சியிடம் பதிவு செய்யும் வாக்குமூலம். பின்னால் நீதிமன்றத்தில், "42ஆம் பக்கம் 7ஆம் வரியில் இப்படிச் சொன்னீர்களே" என்று அதையே எடுத்து நீட்டுவார்கள்.

ஓர் இடத்தைச் சொல்கிறேன். சாட்சி "ஒன் ஃபிஃப்டி தவுசண்ட் டாலர்ஸ்" என்கிறார். மகள் 1,50,000 என்று அடித்திருக்கிறாள். லட்சக் கணக்கில் பழகிய விரல், தானாகவே அங்கே காற்புள்ளி போட்டுவிட்டது. அவர்களுக்கு அது 150,000. தேதியும் அப்படித்தான்: 3/4/2019 என்றால் நமக்கு ஏப்ரல் 3, அவர்களுக்கு மார்ச் 4.

மற்றபடி பொது வழக்கம் எளிது. ஒன்று முதல் பத்து வரை எழுத்தில், 11 முதல் இலக்கத்தில். வாக்கியமே எண்ணில் தொடங்கினால் எழுத்தில். பணம், முகவரி, பக்க எண், எக்ஸிபிட் (சான்றாகக் காட்டும் ஆவணம் அல்லது பொருள்) எண் எல்லாம் சின்ன எண்ணாக இருந்தாலும் இலக்கம்தான். நிறுவனத்தின் கையேடு வேறு மாதிரி சொன்னால் கையேட்டின்படியே போக வேண்டும்.

நேரத்தில்தான் அதிகம் தடுமாறியிருக்கிறாள். சாட்சி "டூ தர்ட்டி" என்று மட்டும் சொல்கிறார். மதியச் சாப்பாட்டைப் பற்றிப் பேச்சு வந்ததால் இவள் 2:30 பி.எம். என்று போட்டுவிட்டாள். புத்திசாலிப் பெண், அர்த்தம் புரிந்து செய்திருக்கிறாள். ஆனாலும் சாட்சி சொல்லாத பி.எம்.மை நாம் சேர்க்கக் கூடாது. பகலா இரவா என்பதே அந்த வழக்கின் சண்டையாக இருக்கலாம் அல்லவா? "க்வார்ட்டர் பாஸ்ட் டூ" என்றால் அதையும் சொன்னபடியே எழுத வேண்டும்.

பதிவு தொடங்கிய நேரம், நிறுத்திய நேரம் இரண்டிலும் கண் இருக்க வேண்டும். அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்ற விதிப்படி ஒரு சாட்சியைப் பொதுவாக ஒரே நாளில் 7 மணி நேரம்தான் விசாரிக்கலாம். இடைவேளை அதில் சேராது. 10:24ஐ 10:42 என்று அடித்தால் ஒரு தரப்புக்கு 18 நிமிடம் போய்விடும்.

அப்புறம், ஃபிஃப்டீனா ஃபிஃப்டியா என்று மூன்று முறை கேட்டும் பிடிபடவில்லை என்றால் ஊகிக்க வேண்டாம். கேட்கவில்லை என்று குறித்து, ஒலிப்பதிவில் அந்த இடத்தின் நேரத்தையும் போட வேண்டும். அவள் ஓரிடத்தில் ஊகித்து எழுதியிருக்கிறாள். அந்த ஒன்றைப் பார்த்துத்தான் எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. தெரியவில்லை என்று எழுதுவதில் வெட்கமே இல்லை என்று வீட்டில் நீங்களும் சொல்லுங்கள்.

பயிற்சிக்குப் பணம் கட்ட வேண்டாம். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் இணையதளத்தில் வாதங்களின் ஒலிப்பதிவும் எழுத்துப்படியும் இலவசமாகக் கிடைக்கின்றன. தினம் பத்து நிமிடம் கேட்டு அடித்து, எண்களை மட்டும் எழுத்துப்படியோடு ஒப்பிடட்டும்.

வருமானம் பற்றிக் கேட்டீர்கள். கூலி பெரும்பாலும் ஒலிப்பதிவின் நிமிடக் கணக்கில்தான். புதிதாக வருபவருக்கு ஒரு மணி நேரப் பதிவை முடிக்க நாலைந்து மணி நேரம் ஆகும், ஆரம்பத்தில் கையில் நிற்பது குறைவு. இப்போது பல இடங்களில் மென்பொருளே முதல் படியை எழுதித் தருகிறது, மனிதர் கேட்டுத் திருத்துகிறார். எண்ணில் காது கூர்மையாக இருப்பவருக்கு அங்கே வேலை உண்டு. ஆனால் இதை மட்டும் நம்பி அரசுத் தட்டச்சர் தேர்வை விட்டுவிட வேண்டாம். வேலை தர வைப்புத்தொகை கேட்கும் எவரிடமும் போகவும் வேண்டாம்.

மறுதேர்வுக்கு முன் அவள் அடித்த பத்து நிமிடக் கோப்பு ஒன்றை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். எண்களை மட்டும் பார்த்துத் திருப்பி அனுப்புகிறேன்.