பார்க்கின்சன் உள்ள அப்பாவுக்கு ஆன்டி-ஆக்சிடன்ட் மாத்திரை தரலாமா?

காசிமேட்டில் இருக்கும் அப்பாவுக்குப் பார்க்கின்சன். விட்டமின் ஈ, கோ-கியூ 10 என்ற ஆன்டி-ஆக்சிடன்ட் மாத்திரைகள் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் காசுக்கு மீன் வாங்குங்கள் என்பேன்.

மூளை நம் எடையில் 2 சதவீதம்தான். ஆக்சிஜனில் மட்டும் சுமார் 20 சதவீதம் அதற்கே போகிறது. அடுப்பு எரிந்தால் பொறி தெறிக்கும் இல்லையா, அதுபோல செல்லைச் சேதப்படுத்தும் மூலக்கூறுகளும் உண்டாகும். உடல் அசைவுக்கு வேண்டிய டோபமைனைச் சுரக்கும் மூளைச் செல்களில் (பார்க்கின்சனில் அழிபவை இவைதான்) இன்னும் மோசம்: டோபமைன் சிதையும்போதே ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற அப்படியொரு மூலக்கூறு வருகிறது. சரி, இந்தப் பொறியை அணைப்பதுதானே ஆன்டி-ஆக்சிடன்ட், மாத்திரை போட்டால் அணைந்துவிடுமே? ஆய்வாளர்களும் அப்படித்தான் நம்பினார்கள். 1993-இல் வெளியான பெரிய ஆய்வில் தினம் 2000 யூனிட் விட்டமின் ஈ கொடுத்தும் பலனில்லை. 2014-இல் கோ-கியூ 10-க்கும் அதே கதிதான்.

மத்தியும் முருங்கைக்கீரையும் உடம்புக்கு நல்லது; நோயை நிறுத்தும் என்று சொல்லமாட்டேன். கவனிக்க வேண்டியது மாத்திரை போடும் நேரத்தை. பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரையும், மீன் போன்றவற்றில் உள்ள புரதமும் குடலில் ஒரே வாசலுக்கு முட்டிமோதும். தண்டையார்பேட்டையில் பக்கத்து வீட்டுத் தாத்தா மீன்குழம்புச் சோற்றோடு மாத்திரையை விழுங்குவார். மதியம் டீ கிளாஸ் கையில் தாளம் போடும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் மாற்றியதும் குறைந்தது. டாக்டரிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள். அப்புறம், விழுங்கச் சிரமப்பட்டால் முள்ளை நீங்களே எடுத்துக் கொடுங்கள்.