புறப்பட்ட விமானம் கோளாறு என்று திரும்பும்போது ஏன் உடனே இறங்குவதில்லை? எரிபொருளை ஏன் கொட்டுகிறார்கள்?

திருச்சிக்கு மேல் சுற்றிக்கொண்டே இருந்த விமானத்தின் வீடியோவைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள் போல. இல்லையென்றால் உங்கள் வீட்டு ஆள் யாரோ அப்படியொரு பயணத்தில் மாட்டியிருக்க வேண்டும். "ஆபத்து என்று தெரிந்தபிறகும் வானத்தில் சுற்றிக்கொண்டிருப்பது பயணிகளின் உயிரோடு விளையாடுவதில்லையா?" என்று கேள்வியின் கீழே எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்தபிறகு சும்மா போக முடியவில்லை. இலங்கையில், கட்டுநாயக்க விமான நிலையத்தில் விமானப் பராமரிப்பில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். விளையாட்டு ஒன்றும் இல்லை. சுற்ற நேரம் இருக்கிறது என்பதே நல்ல செய்தி.

காரணம் எடைதான். எவ்வளவு எடையோடு ஏறலாம் என்பதற்கு ஓர் எல்லை, எவ்வளவோடு இறங்கலாம் என்பதற்கு வேறோர் எல்லை. போயிங் 777-300ஈஆர் ஏறத்தாழ 351 தொன் வரை ஏறும், இறங்கும்போது 251 தொன்னுக்குள் இருக்க வேண்டும். நடுவில் இருக்கிற 100 தொன்னும் வழியில் எரிந்து தீர வேண்டிய எண்ணெய். புறக்கோட்டையில் மூட்டை சுமக்கிற நாட்டாமியைப் பாருங்கள், இரண்டு மூட்டையோடு தெரு முழுக்க நடப்பார், ஆனால் அதே சுமையோடு லொறித் தட்டிலிருந்து குதிக்கச் சொன்னால் குதிக்க மாட்டார். சரி, ஏறுகிற எடையோடே இறங்கும்படி கட்டினால் என்ன என்றால், கட்டலாம். ஆனால் என்றைக்கோ ஒருநாள் வரப்போகிற கோளாறுக்காக அந்தக் கூடுதல் இரும்பை ஒவ்வொரு பயணத்திலும் சுமக்க வேண்டிவரும்.

இந்த இடத்தில் யாராவது வந்து "எடை கூட இருந்தாலும் இறங்கலாமே, உனக்குத் தெரியாதா" என்று எழுதுவார்கள். தெரியும். இறங்கும் எல்லைக்குள் இருக்கும்போது விநாடிக்கு 10 அடி வேகத்தில் தரையில் மோதினாலும் தாங்கும்படிதான் சக்கரக் கால்கள் வடிவமைக்கப்படுகின்றன. ஏறும் எடையிலேயே இறங்க நேர்ந்தாலும் விநாடிக்கு 6 அடி வரை தாங்க வேண்டும் என்பது விதி. வழக்கமாக விமானம் தரைதொடுவது இதைவிட மெதுவாகத்தான். ஆகவே கால் முறிந்து விழாது. ஆனால் வேகம் கூடும், ஓடுபாதை அதிகம் வேண்டும், பிரேக் பழுக்கக் காயும், ரயர் காற்றிறங்கும். அப்படி இறங்கிய விமானம் அடுத்த பயணத்துக்கு உடனே போக முடியாது. டோர்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு காலடியில் படுத்து, கால்கள் பொருந்தும் இடங்கள், இறக்கையின் தோலில் சுருக்கம் விழுந்திருக்கிறதா, ரிவெட் ஏதாவது தளர்ந்திருக்கிறதா, தொட்டி கசிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். நான் போட்டிருக்கிறேன். அந்தக் கையெழுத்தின் பாரம் போட்டவனுக்குத்தான் தெரியும்.

இன்னொன்று, எல்லா விமானமும் எண்ணெய் கொட்டாது. எயார்பஸ் 320, போயிங் 737 இரண்டிலும் கொட்டும் வசதியே கிடையாது. 2024 அக்டோபர் 11 அன்று திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பியதும் 737தான். ஹைட்ரோலிக் கோளாறு, அதாவது சக்கரம், பிரேக் போன்றவற்றைத் திரவ அழுத்தத்தால் இயக்கும் அமைப்பில் பழுது. அது இரண்டு மணி நேரத்துக்கும் மேல் சுற்றியது எண்ணெயை எரித்துத் தீர்க்கத்தான், வேறு வழியில்லை. பத்திரமாக இறங்கியது. 2005இல் அமெரிக்காவில் முன்சக்கரம் பக்கவாட்டில் திரும்பிக்கொண்ட ஜெட்புளூ 320ம் அப்படித்தான் மூன்று மணி நேரம் சுற்றிவிட்டு லொஸ் ஏஞ்சலிஸில் இறங்கியது. கொட்டும் வசதி யாருக்குக் கட்டாயம் என்பதை விதி முடிவு செய்வது சக்கரத்தை வைத்து அல்ல. இறங்க வந்து, முடியாமல், மறுபடி மேலே எழ வேண்டி வந்தால் அந்த எடையோடு ஏறிப்போக முடியுமா என்பதே கணக்கு. சிறிய விமானங்களுக்கு முடியும், அதனால் வசதி தேவையில்லை. இது பலருக்குத் தெரியாது.

தீ, புகை என்றால் யாரும் எடை பார்ப்பதில்லை, பார்க்கவும் கூடாது. 1998 செப்டெம்பரில் சுவிஸ் எயார் 111 கனடாக் கரையோரம் விழுந்து 229 பேர் இறந்தபோது, எண்ணெய் கொட்டப் போனதால்தான் தாமதம் என்று உலகமே பேசியது. நேரே ஓடுபாதைக்குப் போயிருந்தாலும் நேரம் போதியிருக்காது என்றே விசாரணை முடிவு சொன்னது. ஆனாலும் அதற்குப் பிறகு புகை மணம் வந்தால் எங்கே முதலில் இறங்கலாம் என்றுதான் விமானிகள் பார்க்கிறார்கள்.

இப்போது என் கதை. ஓய்வு பெற்றபிறகு மகளைப் பார்க்கப் போனேன். வளைகுடா நிறுவனம் ஒன்றின் 777, பெயர் வேண்டாம். நீர்கொழும்பைத் தாண்டிக் கடலுக்கு மேல் கொஞ்சநேரம் போனதும் ஏறுவது நின்றது, அப்புறம் மெதுவாகத் திரும்பியது. கப்டன் தெளிவாகத்தான் சொன்னார்: ஹைட்ரோலிக்கில் ஒரு பிரச்சினை, கொழும்புக்குத் திரும்புகிறோம், அதற்கு முன் எரிபொருளைக் குறைப்போம், பயப்பட ஒன்றுமில்லை. சொன்னது ஆங்கிலத்தில், பிறகு அரபியில். பக்கத்து இருக்கையில் டிக்கோயாப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி, வீட்டு வேலைக்குப் போகிறவள், முகவர் கொடுத்த பிளாஸ்டிக் கோப்பை மடியில் இறுக்கிப் பிடித்தபடி இருந்தாள். அவளுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. இறக்கையின் பின் விளிம்பில், நுனிக்கு இந்தப்பக்கம், வெள்ளையாகத் தாரை கிளம்பியது. முதலில் கயிறு போல ஒடுங்கி, கொஞ்சத் தூரத்திலேயே விரிந்து பனியாகிப் போனது.

"ஐயா, றெக்கையில பொகை வருதுங்க!"

"புகை இல்லை பிள்ளை, எண்ணெய். அவங்களே திறந்து விடுறாங்க, பாரம் குறைய."

"எண்ணெய இப்பிடி ஊத்துனா தீப்பிடிக்காதுங்களா?"

நல்ல கேள்வி. கொட்டும் குழாய் எஞ்சினிலிருந்து தள்ளி வெளிப்பக்கம் இருக்கிறது, எண்ணெய் வெளியே வந்ததும் காற்றில் சிதறிவிடும், பற்ற நெருப்பும் இல்லை என்றேன். குறித்த எடை வந்ததும் தானாகவே நின்றுவிடும் என்றும் சொன்னேன். நின்றபோது அவள்தான் முதலில் பார்த்து எனக்குக் காட்டினாள். அதற்குள் முன்னிருக்கை, பின்னிருக்கை எல்லாம் அழுகை, ஒரு அம்மா சத்தமாகத் தேவாரம் பாடத் தொடங்கிவிட்டார். எழும்பி நின்று நான் தமிழில் சொல்ல ஆரம்பித்ததும் பணிப்பெண் வந்து உட்காரச் சொன்னார். அவர் கடமை, குறை சொல்லவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னேன், ஆள் மாறி ஆள் பின்னால் கடத்தினார்கள்.

கடலில் கொட்டுவது வீண்தானே என்பவர்களுக்கு: வீண்தான், எனக்கும் வயிறு எரிகிறது. 2022இல் இந்த ஊரில் பெற்றோல் வரிசையில் நின்றே ஆட்கள் இறந்தார்கள், கட்டுநாயக்கவிலிருந்து கிளம்பிய விமானங்கள் சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு போன காலம் அது. ஆனால் அதையும் இதையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். முறைப்படி 6000 அடிக்கு மேல் கொட்டினால் பெரும்பகுதி ஆவியாகிவிடும், தரைக்கு வராது. 2020 ஜனவரியில் டெல்டா விமானம் ஒன்று லொஸ் ஏஞ்சலிஸில் தாழப் பறந்தபடி கொட்டி, பள்ளிக்கூட முற்றத்தில் நின்ற பிள்ளைகள்மேல் விழுந்ததே, அது முறைகேடு. கொட்டப்போவதாகக் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கே சொல்லவில்லை.

என் கோபம் வேறு. கொழும்பிலிருந்து வளைகுடாவுக்குப் போகும் விமானங்களில் மலையகத்துப் பெண்களும் மட்டக்களப்புப் பெண்களும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது அந்த நிறுவனங்களுக்கு நன்றாகத் தெரியும், டிக்கட் விற்றவர்கள் அவர்கள்தானே. எண்ணெயைக் குறைக்க இத்தனை நுணுக்கமாக வால்வும் குழாயும் கணக்கும் செய்துவைத்தவர்கள், "பயப்படாதீர்கள், திரும்பி இறங்குகிறோம்" என்று தமிழில் ஒரு பதிவைப் போட்டு வைக்க மாட்டார்களா? சிங்களத்திலும் சொல்லவில்லை. சிங்களப் பெண்களும் அதே மாதிரித்தான் அழுதார்கள். இறங்கியபிறகு நிறுவனத்துக்கு எழுதினேன். உங்கள் கருத்தை உரிய பிரிவுக்கு அனுப்பியிருக்கிறோம் என்று பதில் வந்தது, அதோடு சரி. மறுபடி எழுதப் போகிறேன். உங்கள் வீட்டு ஆள் அப்படிச் சுற்றிய விமானத்தில் இருந்தவர் என்றால், அன்று எந்த மொழியில் அறிவித்தார்கள் என்று கேட்டு எனக்குச் சொல்லுங்கள், கடிதத்தில் சேர்த்துக்கொள்கிறேன்.