எண்ணெய் ஃப்ரையர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

தீபாவளி நெருங்குகிறது, வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மின்சார ஃப்ரையர் பற்றியவை.

கூடையில் வைத்து இறக்கினால் பஜ்ஜி கம்பியோடு ஒட்டிக்கொள்கிறது. மாவு பிய்ந்து வாழைக்காய் தனியாக வருகிறது.

காலிக் கூடையை முதலில் எண்ணெயில் இறக்கிவிடுங்கள். பிறகு ஒவ்வொரு பஜ்ஜியாக எண்ணெயின் மேல்மட்டத்தில் நழுவவிடுங்கள், மிதந்தபடியே வேகும். சீவிய வாழைக்காயைத் தண்ணீரில் போட்டு வைத்திருந்தால் துணியில் ஒற்றி எடுங்கள். ஈரம் இருந்தால் மாவும் பிடிக்காது, எண்ணெயும் தெறிக்கும்.

ஃப்ரையர் 2000 வாட். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டினால் பிளக் சூடாகிறது. பரவாயில்லையா?

பிளக் கொதிப்பதைப் பார்த்துவிட்டுக் கடிதம் எழுதிப் பதிலுக்குக் காத்திருக்கலாமா? உடனே பிடுங்குங்கள். 2000 வாட் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். சாதாரண பாக்ஸ் 6 ஆம்பியருக்கானது. சுவரில் உள்ள 16 ஆம்பியர் பவர் பிளக்கில் நேராக மாட்டுங்கள். வயர் மேடை விளிம்பில் தொங்கக் கூடாது. குழந்தை இழுத்தால் காய்ந்த எண்ணெய் முழுக்க அதன் மேல்தான்.

ஃப்ரோசன் சிப்ஸ் போட்டதும் பொங்கி வழிந்தது. மெஷின் பழுதா?

எவ்வளவு எண்ணெய், எவ்வளவு சிப்ஸ் என்று ஒன்றுமே எழுதவில்லை. எண்ணெய் அளவுக்கான மேல்கோட்டைத் தாண்டி ஊற்றியிருப்பீர்கள், அல்லது கூடையை நிரப்பியிருப்பீர்கள். பாதிக் கூடைதான் போட வேண்டும். ஒட்டியிருக்கும் ஐஸ் தூளை சிங்க்கில் உதறிவிட்டு வாருங்கள், எண்ணெய்க்கு மேலே அல்ல. மறுபடியும் சொல்கிறேன்: ஈரம்.

பொரித்த எண்ணெயை வடிகட்டி வைத்து, குறையக் குறையப் புதிதாகச் சேர்க்கிறேன். பத்துத் தடவை பயன்படுத்தலாம் என்று கடையில் சொன்னார்கள். சரியா?

இல்லவே இல்லை. தடவைக் கணக்கில் இதற்குப் பதிலும் கிடையாது. அப்பளம் பொரித்த எண்ணெயும் மசாலா தடவிய மீன் பொரித்த எண்ணெயும் ஒன்றா? சூடும் காற்றும் ஈரமும் அடியில் கருகும் கசடும் எண்ணெயைக் கெடுக்கின்றன. உப்பும் மசாலாவும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். கெடக் கெட அதில் போலார் சேர்மங்கள், அதாவது எண்ணெய் சிதைவதால் உண்டாகும் பொருள்கள், கூடும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2018 ஜூலை முதல் அதற்கு 25 சதவீதம் என்று எல்லை வைத்திருக்கிறது. அதை அளக்கும் மீட்டர் வீட்டில் இருக்காது. கண்ணும் மூக்கும் இருக்கின்றன. நுரை அடங்காமல் விளிம்புவரை ஏறுகிறதா? 180 டிகிரியிலேயே புகைகிறதா? கரண்டியில் தேன் மாதிரி இழுபடுகிறதா? காறல் வாடை அடிக்கிறதா? ஒன்று இருந்தாலும் அதோடு முடிந்தது.

புதியதைச் சேர்ப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எத்தனை முறை எழுதினாலும் இதே பழக்கம். பழையது அதனால் நல்லதாகாது. புதியதும் சேர்ந்து சீக்கிரம் கெடும். நிறம் வெளுத்துவிடுவதால் நன்றாக இருக்கிறது என்று நம்பி இன்னும் நாலு நாள் ஓட்டுவீர்கள். வடிகட்டினால் கசடு போகும், கெட்டுப்போனது போகாது.

மீன், கோழி, மசாலா பொரித்த எண்ணெயை அதோடு விட்டுவிடுங்கள். அப்பளம், வறுவல் பொரித்ததை ஆறியதும் வடிகட்டி, இருட்டில் மூடி வைத்து, ஓரிரு நாளுக்குள் தாளிப்புக்கே தீர்க்கலாம். மூன்று பேர் உள்ள வீட்டில் நாலு லிட்டர் ஃப்ரையர் வாங்கினால் எண்ணெயைக் கொட்ட எப்படி மனம் வரும்? ஒன்றரை லிட்டர் பிடிக்கும் சின்னதே போதும். கெட்டதை சிங்க்கில் ஊற்றாதீர்கள். தெருக்கடைக்கும் கொடுக்காதீர்கள், அது வேறொருவர் வயிற்றுக்குத்தான் போகும். பயோடீசலுக்குச் சேகரிப்பவர்கள் இருந்தால் கொடுங்கள். இல்லையென்றால் பாட்டிலில் இறுக மூடிக் குப்பையில் போடுங்கள்.

செக்குக் கடலை எண்ணெய் ஊற்றலாமா?

வேண்டாம். 160 டிகிரியைத் தாண்டினாலே புகைய ஆரம்பித்துவிடும். ரீஃபைண்ட் கடலை எண்ணெய் 230 வரை தாங்கும். செக்கு எண்ணெயைத் தாளிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதன் மணம் அங்கேதான் எடுபடும்.

ஃப்ரையரில் சீடை வெடிக்குமா?

வாணலியில் வெடிப்பது இதிலும் வெடிக்கும். உள்ளே அடைபட்ட ஈரம் ஆவியாகி வெளியே வர வழியில்லாததால்தான் வெடிக்கிறது. மாவை வறுத்து இரண்டு முறை சலியுங்கள். அழுத்தி உருட்டாதீர்கள். துணியில் பரப்பி உலரவிடுங்கள். 160 டிகிரியில் முதலில் இரண்டே இரண்டு போட்டுப் பாருங்கள். குழந்தைகள் அடுக்களைக்கு வெளியே.

தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றலாமா?

ஒருபோதும் கூடாது. எண்ணெய்க்கு அடியில் இறங்கும் தண்ணீர் சுமார் 1700 மடங்கு விரிந்து ஆவியாகும். எரிகிற எண்ணெயைக் கூரைவரை தூக்கி அடிக்கும். சுவர் சுவிட்சை அணையுங்கள். மூடியைப் பக்கவாட்டில் நழுவவிட்டு மூடி, ஆறும்வரை திறக்காதீர்கள். ஃப்ரையரைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். நெருங்க முடியாவிட்டால் எல்லோரும் வெளியே வந்து 101-ஐ அழையுங்கள்.

பொரித்ததைச் செய்தித்தாளில் வடியவிடலாமா?

கூடாது, அச்சு மை பலகாரத்தில் ஏறும். கூடையை மேலே மாட்டி அரை நிமிடம் வடியவிட்டு, கம்பித் தட்டில் பரப்புங்கள். மொறுமொறுப்பும் அப்படியே நிற்கும்.